முழங்கால் உயரச் சுவர்

இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில், ஒரு மேய்ச்சல் நிலத்தில் இருந்த ரோமானிய மாளிகையின் இடிபாட்டைப் பார்க்க, ஹெஸ்டரும் கணவன் கிளைவும் நாயோடு போயிருந்தார்கள். முழங்கால் உயரச் சுவர்கள்தான் மிச்சம். அவள் குனிந்து தரையில் பதித்த வண்ணக்கல் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நிலம் அதிர்ந்தது. கன்றுகளோடு மேய்ந்த பசுக்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டு அவர்களைச் சுற்றி வளைத்தன.

“ஓடிடாத, ஹெஸ்டர்.”

“வெறும் பசுதானேன்னு இப்பதான சிரிச்ச!”

ஒரு பசு சுவரைத் தாண்டி வந்து கிளைவை முட்டித் தள்ளியது.

“நாயை விடு!” விழுந்த இடத்திலிருந்தே அவன் கத்தினான். “அதைப் பார்த்துத்தான் வெறி பிடிச்சு வருதுங்க!”

பிள்ளைபோல வளர்த்த நாய். ஹெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, கையில் பிடித்திருந்த அதன் கழுத்து வாரை விட்டாள். நாய் பாய்ந்தோடியது, மந்தை மொத்தமும் அதைத் துரத்தியது.

நொண்டிய கிளைவைத் தாங்கி வேலியைத் தாண்டியபோது, நாய் அவர்கள் காருக்குப் பக்கத்தில் வாலாட்டிக்கொண்டு நின்றது. ஹெஸ்டரால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.