முப்பது விநாடிக்கு ஐம்பத்திரண்டு

"ஏன் கண்ணு, நாங்க வாசிக்க ஆரம்பிச்சா நீ வாட்ச்சையே பாத்துட்டிருக்க? எப்படா முடிப்பாங்கன்னு இருக்கா?"

பாஸ் கிதார் வாசிக்கும் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் இப்படிக் கேட்டார். ராக் குழுவில் அவர்தான் மூத்தவர், பாதி வழுக்கை வேறு, அதனால் எல்லோருக்கும் மாமா. அவளோ கேள்வி வேறு யாருக்கோ என்பதுபோல் குனிந்து, காலடியில் கிடந்த காகிதத் துண்டைப் பொறுக்கினாள். பாட்டும் கிதாருமாக நடுவில் நிற்கும் அண்ணன்தான் அவளுக்காகப் பேசினான். "விடு மாமா. அவ வாயத் தொறக்கறதுக்குள்ள நாம ரெண்டு பாட்டு முடிச்சிடலாம்."

அண்ணன் வேலை பார்க்கும் அச்சகத்தின் காகிதக் கிடங்கு அது. ஞாயிறு மதியங்களில் வாசித்துக்கொள்ள முதலாளி அனுமதித்திருந்தார். கூரையைத் தொடும் காகிதக் கட்டுகள் சத்தத்தை விழுங்கிவிடும், தெருவில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வாசலுக்குப் பக்கத்துக் கட்டு ஒன்றுதான் அவள் இடம்.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். இப்போது ஒரு கிளினிக்கில் வேலை. டாக்டர் பார்ப்பதற்குமுன் வருகிறவர்களின் எடை, காய்ச்சல், நாடித்துடிப்பு மூன்றையும் குறித்து உள்ளே அனுப்ப வேண்டும். மணிக்கட்டில் விரல் வைத்து முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குவாள். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது கைகள். அந்தப் பழக்கத்தில், ஒரு ஞாயிறு, டிரம் சத்தத்தையும் எண்ணிவிட்டாள். அதன்பிறகு விடமுடியவில்லை. மருந்துக் கம்பெனிக்காரர் தந்த டைரி ஒன்றில் பாட்டின் பெயர், தொடங்கும்போது எவ்வளவு, முடியும்போது எவ்வளவு, டிரம்ஸ் யார் என்று எழுதிக்கொண்டே வந்தாள். டைரி பையின் அடியில் கிடக்கும், சாப்பாட்டு டப்பாவுக்கும் கீழே.

இந்த மூன்று வருடத்தில் டிரம்ஸுக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலில் வந்தவனைப் புயல் என்பார்கள். டிரம்ஸ் செட்டே அவனுடையதுதான். அடித்தால் காகிதக் கட்டுகளிலிருந்து தூசி உதிரும். நூற்றிநான்கில் தொடங்கும் பாட்டு அவன் கையில் நூற்றிருபதைத் தாண்டித்தான் நிற்கும். வேறு ஊரில் வேலை கிடைத்ததும் செட்டை இங்கேயே விட்டுப் போனான். டிரம்மின் தோலை இறுக்கும் சிறு சாவி மட்டும் அவன் பைக் சாவிக்கொத்தோடு போய்விட்டது.

இரண்டாமவனுக்குத் தோரணம் என்று பெயர் வைத்தார் மாமா. நாலு அடிக்கு ஒருமுறை எதையாவது உருட்டித் தொங்கவிடாமல் அவனால் இருக்க முடியாது. அவன் வாசித்த நாட்களில் டைரியில் எண்ணுக்குப் பக்கத்தில் "மூச்சு விட இடமில்லை" என்று எழுதியிருந்தாள். ஆறு மாதத்தில் அவனே வராமல் நின்றுவிட்டான்.

மூன்றாவதாக வந்தவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாற்பது வயது, அதிகம் பேசமாட்டார். சாவி இல்லாததால் டிரம்மின் திருகுகளைத் தன் வேலைக் குறடால் இறுக்கிக்கொண்டார். அவரிடம் ஒரு விஷயம் அவளுக்கு வியப்பாக இருந்தது. வேகம் அதே நூற்றிநான்குதான், ஆனால் முழங்காலுக்கு நடுவில் இருக்கும் ஸ்நேர் டிரம்மில் விழும் அடி ஒரு மயிரிழை தாமதித்து, சாவகாசமாக வந்து உட்காரும். கிளினிக்கிலும் அப்படித்தான். வருகிற இரண்டு பேருக்குமே நாடி எழுபத்திரண்டு இருக்கும். ஒருவருடையது விரலை முட்டும், மற்றவருடையது விரலைத் தூக்கிக் கொடுக்கும். எண்ணில் அந்த வித்தியாசம் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

அண்ணனுக்கு அது பிடிபடவில்லை. "ஆளு தங்கமான ஆளு. ஆனா பாட்டு தூங்குதே" என்று வீட்டில் புலம்புவான்.

அடுத்த வாரம் நகர அரங்கில் நிகழ்ச்சி. எழுநூறு பேர் உட்காரும் இடம், குழுவின் முதல் பெரிய மேடை. அந்த நேரம் பார்த்துப் புயல் லீவில் வந்து இறங்கினான். "என் செட்டு, நானே வாசிக்கறேன்" என்றான். அண்ணன் முகத்தில் பல்பு எரிந்தது. ஆனாலும் லிஃப்ட்காரரிடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில், ஞாயிறன்று இரண்டு பேரும் மழைப் பாட்டை வாசிக்கட்டும், பார்க்கலாம் என்று முடிவானது.

புயல் முதலில் வாசித்தான். முக்காலியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தவன் கிடங்கையே கிடுகிடுக்க வைத்தான். அவள் எண்ணினாள். தொடக்கத்தில் அரை நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு, முடிவில் அறுபத்தொன்று. கடைசி நாலு வரியை அண்ணன் பாதி பாடி, பாதி விழுங்கினான்.

"இதான்டா" என்று மூச்சிரைக்கச் சொன்னான் அண்ணன்.

லிஃப்ட்காரர் முக்காலியைத் தணித்துக்கொண்டு அதே பாட்டை வாசித்தார். முடிந்ததும் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கடைசில இழுத்துட்டீங்க."

"லிஃப்டுல வேலை பாத்து பாத்து, ஒவ்வொரு மாடியிலயும் நின்னு போறாரு" என்றான் புயல்.

லிஃப்ட்காரர் சிரித்துக்கொண்டே குச்சிகளைத் துணிப்பைக்குள் வைத்து, பையின் கயிற்றை இழுத்துக் கட்டத் தொடங்கினார்.

அந்த முடிச்சு விழுந்துவிட்டால் அவர் இனி வரமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இழுக்கல" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் வாட்ச்சைப் பார்த்தே பேசினாள். "நூத்தி நாலுல ஆரம்பிச்சாரு. நூத்தி நாலுலதான் முடிச்சாரு. அண்ணனுக்கு ஓடி ஓடிப் பழக்கம். நடந்தா நிக்கற மாதிரி இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் அண்ணன்.

சாப்பாட்டு டப்பாவை எடுத்து வைத்துவிட்டு டைரியை நீட்டினாள். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். "அடேய், மூணு வருஷம். ஒரு ஞாயித்துக்கிழமைகூட விடல. நாமதான் வாட்ச் பாக்கறான்னு கிண்டல் பண்ணிட்டிருந்தோம்." பிறகு சத்தமாகப் படித்தார். "மழைப் பாட்டு, புயல். நூத்தி நாலு, நூத்தி இருபத்தி ரெண்டு. அண்ணனுக்குக் கடைசி வரி பாட மூச்சு இல்லை."

புயலின் முகம் சுண்டிவிட்டது. "குடு இப்படி" என்று டைரியை வாங்கினான். அடுத்தடுத்த பக்கங்களைப் பார்த்தவன் ஓரிடத்தில் நின்றான். பஸ் பாட்டு. அங்கேயும் அவன் வேகம் ஏறித்தான் இருந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்து: "இதில் ஓடினால்தான் அழகு. இவர்போல் யாராலும் முடியாது."

அவன் டைரியை மூடிக் காகிதக் கட்டின்மேல் வைத்தான். "தங்கச்சி, அந்த வாட்ச்சைக் கழட்டு" என்றான். லிஃப்ட்காரரிடம், "இன்னொரு தடவை வாசிங்கண்ணே. நானே எண்ணறேன்."

லிஃப்ட்காரர் முடிச்சை அவிழ்த்தார்.

மழைப் பாட்டு மறுபடி தொடங்கியது. புயல் வாட்ச்சைக் கண்ணுக்கருகில் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்து எண்ணினான். ஐம்பத்திரண்டு. நடுவில் ஒருமுறை, ஐம்பத்திரண்டு. இந்தமுறை அண்ணன் முன்னால் பிடித்து இழுக்கவில்லை, அந்த அடியின்மேல் சாய்ந்துகொண்டு பாடினான். கடைசி நாலு வரி வந்தது. அவன் எழுதிய வரிகள். ஒவ்வொரு சொல்லும் முழுசாக, கடைசி எழுத்துவரை கேட்டது. மூன்று வருடத்தில் இன்றுதான் கேட்டது. மாமா வாசித்தபடியே தலையை ஆட்டினார். அவள் மட்டும் எண்ணவில்லை. வாட்ச் இல்லாத வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு, இது என் அண்ணன் குழு என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பாட்டு முடிந்தது.

"எவ்வளவுடா?" என்றார் மாமா.

"ஐம்பத்திரண்டு" என்றான் புயல். குரல் தேய்ந்திருந்தது.

அண்ணன் அவளைப் பார்த்துத் திரும்பினான். "அடுத்த வாரம் மேடைக்குப் பக்கத்துல நீ நிக்கணும். நான் ஓடினா கையைக் காட்டு."

அவள் தலையசைத்தாள். வாய் திறப்பதற்கு இன்றைய கணக்கு தீர்ந்துவிட்டிருந்தது.

இனி புயல் என்ன செய்வான் என்று எல்லோரும் அவனையே பார்த்தார்கள். செட்டு அவனுடையது. நினைத்தால் இப்போதே வண்டி வைத்து ஏற்றிவிடலாம். அவன் வாட்ச்சை அவளிடம் கொடுத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து பைக் சாவிக்கொத்தை எடுத்து, வளையத்தை நகத்தால் நெம்பினான். வளையம் முரண்டு பிடித்தது. நகம் மடங்கி உதறினான், மறுபடி நெம்பினான். டிரம்மை இறுக்கும் சிறு சாவி கழன்று வந்தது. அதைக் கட்டின்மேல் மூடியிருந்த டைரியின்மீது வைத்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே போனான்.