கணையத்துக்கு இன்னும் வரவில்லை

…வெளியே எடுத்து, பழக்கி, திரும்ப உடம்புக்குள்ளேயே விடுவார்களாம், அந்த ஆராய்ச்சியாளர் பெண் எவ்வளவு எளிதாகச் சொல்கிறாள், ரத்தத்தில் இருக்கும் டி செல்லுக்குப் புற்று செல்லை அடையாளம் காட்டிவிட்டால் போதும், அதுவே தேடிப்போய்க் கொல்லும், திரையில் பச்சை உருண்டை தொட்டதும் சிவப்பு உருண்டை உடைந்து கரைகிறது, பல்லடத்துப் பயிற்சி அறையில் அறிவியல் ஆசிரியர்கள் எல்லோரும் அதை செல்போனில் படம் பிடிக்கிறார்கள், ஜனனி மட்டும் எடுக்கவில்லை, எடுத்து யாருக்குக் காட்ட… எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கா, வீட்டில் கட்டிலோடு கிடக்கும் கணவர் தரணீதரனுக்கா? காலையில் கிளம்பும்போது கேட்டாரே, இன்னைக்கு டீச்சருக்கே பாடமாமா, என்ன பாடமுங்க என்று, மஞ்சள் பூத்த கண்ணில் கேலிகூட இருந்தது, ஒளிச்சேர்க்கை என்று சொல்லிவிட்டு வந்தாள், பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, போன வாரம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டு, இனி கீமோ வேண்டாம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வலி இல்லாம பாத்துக்குங்க என்றதை, கொஞ்ச நாளு ரெஸ்ட்டாமுங்க, உடம்பு தேறுனதும் பாக்கலாம்னாங்க என்று காரில் ஏறுவதற்குள் மாற்றிச் சொன்னவள்தானே, அவரும் தலையாட்டிவிட்டு அருள்புரம் பனியன் கம்பெனிக்குப் போன் போட்டு, அடுத்த ஷிப்மென்ட்டுக்கு வந்துருவனுங்க, என்னைக் கேக்காம சாம்பிளை அனுப்பீறாதீங்க என்றார்… நம்பித்தான் சொன்னாரா, இல்லை அவள் நம்பட்டும் என்று சொன்னாரா?

சந்தேகம் இருந்தா கேளுங்க என்றதும் தன் கை எழுந்ததை ஜனனி தாமதமாகத்தான் உணர்ந்தாள், கணையத்துல வந்தா இது கேக்குமுங்களா மேடம், தன் குரல்தானா இது, அந்தப் பெண், சில ரத்தப் புற்றுல நல்லா வேலை செய்யுது டீச்சர், கணையத்துக்கு இன்னும் ஆராய்ச்சி அளவுலதான் இருக்கு, ஆனா ஒருநாள் வரும், உங்ககிட்டப் படிக்கிற பசங்கள்ல ஒருத்தரே கண்டுபிடிக்கலாம் என்றாள், எல்லோரும் கை தட்டினார்கள், ஜனனியும் தட்டினாள், எட்டாம் வகுப்பு தாண்டி, கல்லூரி முடித்து, ஆராய்ச்சிக்குப் போய்… அதுவரை? தேநீர் இடைவேளையில் அந்தப் பெண் அவளைத் தேடி வந்தாள், ஏன் டீச்சர், கணையம்னு குறிப்பாக் கேட்டீங்க? எங்க ஊட்டுக்காரருக்கு இருந்துச்சுங்க என்றாள் ஜனனி, அந்த முகம் சட்டென்று வாடியது, ஜனனியின் கையைப் பற்றிக்கொண்டு, ரொம்ப சாரி டீச்சர், எப்பத் தவறுனாரு என்றாள், இல்லீங்க, இருக்குறாருங்க, இந்நேரம் நாத்தனார் ஊட்டும் கஞ்சியை வேண்டாமென்று தள்ளிக்கொண்டு இருப்பார், இதைச் சொன்னால் போதும், ஒரு வார்த்தைதான், சொல்லாமல் டம்ளரையே பார்க்கிறாள், தேநீர் ஆடை கட்டுகிறது… இருந்துச்சு என்று எப்போதிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்?