நாற்பத்து மூன்று கோடுகள்

ஆபரேட்டருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். மருத்துவமனையின் டெலிபோன் அறையில் அவளோடு வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும். காது சிவந்துவிட்டால் டாக்டர்கள்கூட இரண்டு நிமிடம் பொறுத்துத்தான் லைன் கேட்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மரச்சாமான் கடைக்கு மேலே இருந்த ஹாலில், முப்பது பேருக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருந்தபோது இரண்டு காதும் சிவந்திருந்தன. பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவைத் தவிர அங்கே யாருக்கும் அதன் அர்த்தம் தெரியாது. அக்காவோ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திரையில் 'எட்டாம் நம்பர் வீடு' ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த தொடர். வாரத்தில் ஐந்து நாள் சாயங்காலம் அது வரும்போது தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. இப்போது யாரோ ஒரு புண்ணியவான் எல்லாப் பகுதிகளையும் இணையத்தில் ஏற்றிவிட்டான். பழைய ரசிகர்களும், அப்போது பிறந்தே இராத புது ரசிகர்களும் ஒரு குழுவாகச் சேர்ந்துகொண்டார்கள். குழுவுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். அம்மா மடியில் உட்கார்ந்து பார்த்தவராம். அந்த வீட்டு மாமியாரையும் மருமகள்களையும் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், போன வாரம்தான் அங்கே சாப்பிட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும்.

அன்றைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது 'ஓட்டு வாரம்'. தொடரில் சின்ன மருமகளைப் புருஷன் இஸ்திரிப் பெட்டியால் கையில் சுட்டுவிடுவான். அவள் தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள். திரும்பிப் போகலாமா, போகக் கூடாதா என்று கதையை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, நேயர்களே போன் போட்டுச் சொல்லுங்கள், நீங்கள் சொல்வதுதான் நடக்கும் என்று அறிவித்தார்கள். ஒரு வாரம் போன் அடித்துத் தீர்த்தது. திங்கள்கிழமை சின்ன மருமகள் பெட்டியோடு எட்டாம் நம்பர் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். மாமியார் கட்டிப்பிடித்துக்கொள்ள, பின்னணியில் புல்லாங்குழல் அழுதது.

அந்தக் காட்சி இப்போது ஓடி முடிந்தது. ஹாலில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

பல் டாக்டர் எழுந்து, இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று பேச ஆரம்பித்தார். சுட்ட கைக்குக் கட்டுப் பிரிக்காமலே ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், கம்பெனிக்காரர்களுக்கு மனசாட்சியே இல்லை என்றார். ஒரு பஸ் டிரைவர், நான் அன்றைக்கே டிவியை அணைத்துவிட்டேன் என்றார். அணைத்தவர் அடுத்த இரண்டு வருடக் கதையையும் எப்படி வரி விடாமல் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. ரிடையரான ஒரு டீச்சர், எங்கள் தெருவே போகக் கூடாது என்றுதான் போன் போட்டது, கம்பெனியில் எண்ணிக்கையை மாற்றிவிட்டார்கள், இது ஊரறிந்த விஷயம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோருமே நல்லவர்கள். கெட்டவன் யாரோ ஒருவன் கம்பெனியில் இருந்திருக்கிறான். வசதியாகப் போயிற்று.

ஆபரேட்டரின் காது இன்னும் சிவந்தது.

ஏனென்றால் எண்ணியவள் அவள். அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது, அந்தக் கம்பெனியில் தற்காலிக வேலை. ஒரு நீள மேஜை, ஆறு டெலிபோன், ஆறு பெண்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் இரண்டு பத்தி போட்ட தாள். போகணும் என்றால் இந்தப் பக்கம் ஒரு கோடு, கூடாது என்றால் அந்தப் பக்கம் ஒரு கோடு. நாலு கோடு விழுந்ததும் ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். பதில் பேசக் கூடாது, நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு வைக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் ஜனங்கள் வைத்தால்தானே? காரணம் சொல்லாமல் யாரும் விடவில்லை. அவன் குடிக்கிறானா, இல்லையே, கோபம் மட்டும்தானே என்றார்கள். குழந்தை முகத்தைப் பார்க்க வேண்டாமா என்றார்கள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு தங்கச்சி கல்யாணத்துக்கு நிற்கிறாளே, அவள் கதி என்ன என்று கண் கலங்கினார்கள்.

ஆறாம் நாள் கணக்கு: போகணும் ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. கூடாது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து. யாரும் எதையும் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

இந்தக் கணக்கைப் பற்றிப் பேசத்தான் பல் டாக்டர் மருத்துவமனைக்கு மூன்று முறை வந்தார். யார் மூலமோ அவள் பெயர் கிடைத்திருந்தது. எண்ணிக்கையை மாற்றினார்கள் என்று கேமரா முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். இரண்டு முறை முடியாது என்று சொல்லி அனுப்பினாள். மூன்றாவது முறை அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தது அக்கா.

அக்காவுக்கு அந்தத் தொடர் என்றால் உயிர். உயிர் என்று சொல்வதா, என்னவென்று சொல்வதா, ஆபரேட்டருக்கே தெரியாது. அந்த ஓட்டு வாரத்தில், கம்பெனியில் ஆறு டெலிபோன் அலறிக்கொண்டிருந்தபோது, அக்காவும் தாய்வீட்டில்தான் இருந்தாள். தொடரில் இஸ்திரிப் பெட்டி, அக்காவுக்குக் கதவு இடுக்கு. வலது கையில் மூன்று விரல் மாவுக்கட்டில் இருந்தது. அனுப்புவதா வேண்டாமா என்று அம்மா பத்து நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை டிவியில் முடிவைச் சொன்னதும் அம்மாவின் குழப்பம் தீர்ந்தது. ஊரே சொல்லிடுச்சு, இனி நான் என்ன சொல்ல என்று பெட்டியை எடுத்து வைத்தாள். சின்ன மருமகள் திங்கள்கிழமை போனாள். அக்கா செவ்வாய்க்கிழமை போனாள்.

ஒன்பது வருடம் கழித்து ஒரு காது கேட்காமல், ஒற்றைப் பையோடு அக்கா திரும்பி வந்தபோது அம்மா இல்லை. அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் ஒரே வீடு. அக்காவுக்கு யார் மேலும் கோபம் கிடையாது. அதுதான் ஆபரேட்டருக்குத் தாங்கவில்லை. புருஷன் செத்த செய்தி வந்தபோதுகூட அக்கா, பாவம் என்றாள். ஜனங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க, கம்பெனிக்காரன் ஏதோ பண்ணிட்டான், இல்லையா என்று மட்டும் எப்போதாவது கேட்பாள். ஆபரேட்டர் ம் என்பாள். பதின்மூன்று வருடமாக அந்த ஒரு 'ம்'மின் மேல்தான் அக்கா நிம்மதியாக இருந்தாள். ஆசையாகக் கூப்பிடுகிறார்களே, போய்ச் சொல்லிவிட்டு வரலாமே என்று அவளே தங்கையைக் கிளப்பிக் கூட்டி வந்தாள்.

பல் டாக்டர் மைக்கை நீட்டினார். கேமராவில் சிவப்புப் பொட்டு எரிந்தது.

ஆபரேட்டர் எழுந்தாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் அக்கா சிரிப்பாள், இருவரும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு எழுந்தாள். ஆனால் எதிரே வரிசையாக அந்த முகங்கள். யாருக்காவது ஒரு துளி உறுத்தல் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த முகங்கள்.

அந்த வாரம் போன் போட்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். பதினேழு கைகள் எழுந்தன. போகணும் என்று சொன்னவர்கள் மட்டும் தூக்கியபடி இருங்கள் என்றாள். எல்லாக் கைகளும் இறங்கின. டீச்சரின் கை முதலில் இறங்கியது.

"அப்ப எங்களுக்கு ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் தடவை போன் பண்ணினது யாரு? பேயா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. கணக்கை அப்படியே சொன்னாள். யாரும் மாற்றவில்லை என்றாள். காரணம் சொன்ன குரல்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். குடிக்கலையே, கோபம்தானே என்ற குரல், குழந்தை முகத்தைப் பார்க்கச் சொன்ன குரல். அழுதுகொண்டே போகணும் என்று சொல்லிவிட்டு, எந்த நாள் அந்தக் காட்சி வரும் என்று ஆவலாகக் கேட்ட குரல். உங்கள் பாவத்தைக் கம்பெனிக்காரன் தலையில் கட்டிவிட்டு இங்கே வந்து டீ குடிக்காதீர்கள் என்றாள். பஸ் டிரைவர் எழுந்து, அப்படியானால் கள்ள ஓட்டே விழவில்லை என்கிறீர்களா என்று வம்புக்கு நின்றார்.

அவள் வாய் அங்கே நின்றிருக்கலாம். கோபம் வந்தவளுக்கு எங்கே நிற்பது என்று தெரிவதில்லை.

"விழுந்துது. நாற்பத்து மூணு. போட்டது நான்."

பேச்சின் நடுவில் லைன் அறுந்துபோன அழைப்புகள் இருந்தன. அவற்றை விட்டுவிட வேண்டும் என்பது உத்தரவு. அவள் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் 'போகணும்' பத்தியில் ஒரு கோடு போட்டாள். அப்போது அவளுக்கு ஒரு வரன் கூடி வந்துகொண்டிருந்தது. மூத்தவள் வாழாமல் வீட்டோடு இருக்கிறாளாமே என்று அவர்கள் இழுத்தடித்தார்கள். தொடரில் வந்த தங்கச்சிக்காக ஊரே போனில் உருகியபோது, தனக்காகவே உருகுகிறார்கள் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அக்கா போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்தது. அந்த நாற்பத்து மூன்றை எடுத்துவிட்டாலும் முடிவு மாறியிருக்காது. இதையும் சொன்னாள். அந்த வரன் கடைசியில் வேறிடம் போய்விட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

சொல்லிவிட்டுத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் அழுகை இல்லை. ஆபரேட்டர் பதின்மூன்று வருடமாக யாருக்காகக் கோபப்பட்டாளோ அவளுடைய முகத்தில் இப்போதுதான் முதல் தடவையாகக் கோபம் வந்திருந்தது. பார்க்கப் பயமாக இருந்தது.

"ஒன்பதாயிரம் பேர்கிட்ட கேட்டிருக்கீங்க" என்றாள் அக்கா. "நான் உள்ரூம்லதான் உட்கார்ந்திருந்தேன். தினம் நீ வேலை முடிஞ்சு வந்து என் பக்கத்துலதான் படுத்தே. ஒரு நாள் என்கிட்ட கேட்டியா, போறியா, இருக்கியான்னு?"



பல் டாக்டர் பதறிப்போய்க் கேமராவை நிறுத்தச் சொன்னார். யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். டீச்சர் மெதுவாகப் பக்கத்தில் வந்து அக்காவின் தோளில் கை வைத்து, கூடப் பிறந்தவளாயிற்றே, வயசுக் கோளாறில் செய்துவிட்டாள், மன்னித்து வீட்டுக்குப் போம்மா என்றார். அதெப்படி மன்னிக்கிறது, இத்தனை துரோகம் செய்தவளோடு இனி ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்றார் பஸ் டிரைவர். பின்வரிசையில் ஒரு பெண், போய்த்தான் ஆகணும், இந்த வயசில் தனியாக எங்கே போவார்கள் என்றாள். கூடாது என்று இன்னொருத்தி எழுந்தாள். ஒரு நிமிடத்தில் ஹால் இரண்டாகப் பிரிந்து, போகணும், கூடாது என்று உறுமிக்கொண்டிருந்தது. அவரவர் காரணத்தோடு.

அக்கா தோளிலிருந்த கையை எடுத்து டீச்சரிடமே கொடுத்தாள்.

"வாயை மூடுங்க எல்லாரும்."

மூடினார்கள். இந்தப் பெண்மணிக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. கூடப் பிறந்தவளே எதிர்பார்க்கவில்லை. அக்கா நாற்காலியை இழுத்துத் திருப்பிப் போட்டு, ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"நீ கிளம்பு" என்றாள் தங்கையிடம், திரும்பாமலே. "நான் வர்றதா வேண்டாமான்னு நான் யோசிச்சுக்கறேன்."

எப்போது வருவாய் என்று கேட்க ஆபரேட்டருக்கு வாய்வரை வந்தது. கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.