கண்ணாடியின் உயரம்

வருஷத்தின் கடைசி நாள். நேற்றுவரை சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தலைவாரிய நான், இன்று எதையும் பிடிக்காமல் கண்ணாடி முன் நின்றேன். முகத்தைக் காணோம், வயிறுதான் தெரிந்தது.

"எந்தப் புண்ணியவான் இவ்வளவு கீழே மாட்டினது?" என்று கத்தினேன்.

அந்தப் புண்ணியவான் என் வீட்டுக்காரர்தான், தச்சர். விபத்துக்குப் பிறகு நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு எனக்காக இறக்கி மாட்டியிருந்தார். பழகிப்போய் மறந்துவிட்டேன்.

"ஏங்க, இனிமே என்னால குனிஞ்செல்லாம் தலைவார முடியாது. மேல ஏத்துங்க!"

சுத்தியலும் பென்சிலுமாக வந்தார். "நிமிர்ந்து நில்லும்மா, உயரத்தைக் குறிச்சுக்கறேன்."

நின்றேன். இத்தனை வருஷம் பிசகாத கை, கோட்டைக் கோணலாக இழுத்தது.

"தச்சர் போட்ட கோடா இது?" என்று சீறினேன். பாதியிலேயே என் குரல் உடைந்துவிட்டது.