மூன்றாவது வரி

சபை அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள் நான். பதினாறு வருடமாக ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் வாசலில் வாங்கிக்கொள்ளும் வாரத்தாள் என் கைவேலைதான். முன்பக்கத்தில் பாட்டு எண்களும் அறிவிப்புகளும், பின்பக்கத்தில் ஜெபக் குறிப்புகள்.

ஜெபக் குறிப்புகளுக்கென்று வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. சனிக்கிழமை காலையில் அதைத் திறந்து சீட்டுகளை எடுத்து அடிப்பேன். பெயர் போடக்கூடாது என்பது எங்கள் சபை வழக்கம். ‘ஒரு சகோதரர், வேலைக்காக.’ ‘ஒரு குடும்பம், குழந்தை பாக்கியத்துக்காக.’ பெயர் இல்லாவிட்டால் என்ன, கையெழுத்து எனக்குத் தெரியாதா? யாருக்கு மூலநோய், எந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் தெரியும். வெளியே ஒரு வார்த்தை போனதில்லை. வாய்க்குப் பூட்டுப் போடுவதில் நான் கெட்டிக்காரி. வீட்டில் பழகியது.

வாராவாரம் புதிதாகத் தாள் தயாரிப்பதில்லை. போன வாரத்துத் தாளைத் திறந்து, தேதியை மாற்றி, பழையதை அழித்துப் புதியதை அடிப்பேன். மூன்றாவது வரியை மட்டும் அழிப்பதில்லை. ‘ஒரு சகோதரி, குடும்ப சமாதானத்துக்காக.’ அது என்னுடையது. முதல் தடவை சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டேன். அப்புறம் எதற்குச் சீட்டு, அதுதான் கணினியிலேயே இருக்கிறதே. போதகர் வாசிக்க, சபை முழுவதும் ஆமென் சொல்லும். என் வீட்டுக்காரரும் சொல்வார், கண்ணை மூடி, மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாக.

அவர் என்னை அடிப்பார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. காலையில் பல் தேய்ப்பார் என்பதைப் போலத்தான் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் அப்போதிருந்த போதகரிடம் போய் அழுதேன். “பொறுமையா இரும்மா, இது உன் சிலுவைன்னு நினைச்சுக்கோ” என்று தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பினார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்றாள் மாமியார். அணைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பைக் சத்தத்திலேயே அவர் என்ன மாதிரி வருகிறார் என்று தெரிந்துவிடும். உடனே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுவேன். இரண்டு கண்ணாடி உடைந்தபின் வந்த புத்தி. கண்ணாடி இல்லாவிட்டால் வருகிற கையும் மங்கலாகத்தான் தெரியும், அதுவும் ஒரு வசதி.

அந்தச் சனிக்கிழமை பெட்டியில் ஏழு சீட்டுகள் இருந்தன. ஐந்தாவது சீட்டின் எழுத்து இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடது கைக்காரியின் எழுத்து. கையைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

‘ஒரு சகோதரிக்காக. கணவருடைய கோபம் தணிய. என் அம்மாவுக்குக் கொடுத்த பொறுமையை எனக்கும் கொடுக்க.’

என் மகள். சிட்டு என்று கூப்பிடுவோம். கல்யாணமாகிப் பதினான்கு மாதம், இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி வீடு. மாப்பிள்ளை பாடகர் குழுவில் கிடார் வாசிக்கிறவர். எனக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காரமாட்டார். தங்கமான பையன் என்று நான்தான் பார்த்து முடித்தேன். பெட்டியைத் திறக்கிறவள் அம்மா என்று சிட்டுக்குத் தெரியும். நேரில் சொல்ல வாய் வராமல் பெட்டியில் போட்டிருக்கிறாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கை வழக்கம்போல வேலையைத் தொடங்கிவிட்டது. ‘ஒரு சகோதரி, குடும்ப’ என்பதுவரை அடித்துவிட்டேன். மூன்று வரி மேலே அதே சொற்கள் இருந்தன. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று அவள் கல்யாணத்தில் எல்லாரும் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

சீட்டை எடுத்துக்கொண்டு போதகர் அறைக்குப் போனேன். இப்போதிருப்பவர் என் தம்பி வயதுக்காரர். பிரசங்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் சீட்டை வாங்கிப் படித்தார்.

“எம் மக எழுதினது பாஸ்டர்” என்றேன். பதினாறு வருடத்தில் ஒரு சீட்டுக்கு உரியவர் யாரென்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

“நாளைக்கு ஜெபிப்போம் அக்கா. ஆராதனை முடிஞ்சதும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு நானும் பேசுறேன்.”

“தலையாட்டுவார் பாஸ்டர். எங்க வீட்டுக்காரரும் நல்லாத் தலையாட்டுவார்.”

“உங்க வீட்லயுமா?”

“மூணாவது வரி என்னோடதுதான்.”

அவர் மேசையில் கிடந்த பழைய வாரத்தாள்களைப் பார்த்தார். நான்கு வருடமாக அந்த வரியை மைக்கில் வாசித்தவர் அவர்தான்.

“மன்னிக்கச் சொன்னீங்க, மன்னிச்சேன். வேதத்துல சொன்ன ஏழெழுபது தரமெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு. மன்னிச்சுட்டு அங்கேயேதான் நிக்கணுமா? ஆண்டவர் பச்சப்புள்ளையா இருந்தப்போ ராஜா கொல்லத் தேடினான். பெத்தவங்க ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு ஊரை விட்டே போனாங்க. பொறுமையா அங்கேயே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும் பாஸ்டர்?”

என் குரல் உயரவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதைப் போலத்தான் கேட்டேன்.

போதகர் பேனாவை மூடி வைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, வெளியூர் ஊழியக்காரர்கள் வந்தால் தங்குகிற மாடி அறையின் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“வாசிச்சேனே தவிர, யாருன்னு ஒருநாளும் கேட்கலை அக்கா. தப்பு என்னோடது. எத்தனை நாள் வேணும்னாலும் தங்கட்டும். யார் வந்து கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்.”

திரும்பி வந்து, பாதியில் நின்ற வரியையும் மூன்றாவது வரியையும் அழித்தேன். கீழே இருந்தவை ஒரு படி மேலேறிக்கொண்டன. தாளை முடித்து அச்சுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் போனபோது சிட்டு சமையலறை மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

“என்னம்மா இந்த நேரத்துல?”

“சீட்டைப் பார்த்தேன்.”

மடிப்பதை அவள் நிறுத்தவில்லை. “தாள்ல அடிச்சிட்டியா?”

“இல்லை.”

“ஏம்மா? எல்லாரும் ஜெபிச்சா உன்னை மாதிரி நானும் பொறுத்துப்பேன்ல.”

“எனக்குப் பொறுமையெல்லாம் இல்லடி. மரத்துப்போச்சு. அதைத்தான் நீ பொறுமைன்னு நினைச்சுட்டே.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாசலில் பைக் சத்தம் கேட்டது. அவள் வாய் மூடிக்கொண்டது, கை தானாக மேலே போனது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். நான் பக்கத்தில் நிற்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஐந்தாறு வயதில் கதவோரம் நின்று பார்த்திருப்பாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் எனக்கு வலித்தது.

கண்ணாடியை எடுத்து அவள் முகத்தில் மாட்டிவிட்டேன். “ரெண்டு துணியைப் பையில போடு” என்றேன்.

மாப்பிள்ளை உள்ளே வந்தார். “வாங்க அத்தை, எப்ப வந்தீங்க?” என்று சிரித்தவர் பையைப் பார்த்துவிட்டு நின்றார். “எங்க கிளம்பிட்டீங்க? உட்காருங்க அத்தை, ஒரு ஜெபம் பண்ணிட்டுப் பேசுவோம்.”

“ஜெபம் பண்ணியாச்சு மாப்பிள்ளை. வழி விடுங்க.”

அவர் நகர்ந்தார். அத்தைக்கு முன்னால் மரியாதையான பையன்தான்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் பையை நான்தான் தூக்கிக்கொண்டேன். நிழலில் நின்றதும் சிட்டு கேட்டாள், “நம்ம வீட்டுக்காம்மா?”

“இல்லை. சபை மாடி அறைக்கு.”

“என்னை விட்டுட்டு நீ சாயங்காலமே போயிடுவியா? அப்பா தேடுவாரே.”

சாவி என் உள்ளங்கையில் சூடேறியிருந்தது. எங்கள் பஸ் தெருமுனையில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“அந்த அறையில ரெண்டு கட்டில் இருக்கு” என்றேன்.