ஐந்து பேராகிப்போன மிர்லாண்ட்

எங்கள் பிரின்சிபால் லிண்ட்க்விஸ்ட் ஓடி நான் பார்த்ததே இல்லை. அன்று காலை ஓடி வந்தார். டை தோளுக்குப் பின்னால் கிடந்தது.

"ஒடெஸா, அந்த மிர்லாண்ட் பொண்ணு வந்துட்டாளா?"

"வரல."

"நேத்து?"

"நேத்தும்தான் வரல. அதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது? உக்காருங்க முதல்ல."

உட்காரவில்லை. கனெக்டிகட்டில் இருக்கிற இந்த மேக்னெட் பள்ளியின் முன் அலுவலகத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நகரத்துப் பிள்ளைகள் பாதி, சுற்றுவட்டப் பணக்கார ஊர்களின் பிள்ளைகள் பாதி என்று குலுக்கல் போட்டுச் சேர்க்கிற பள்ளி. 'மாநிலத்தின் முதல்தரப் பள்ளி' என்று வாசலில் ஒரு பதாகை தொங்கும். பிரின்சிபாலின் உயிரே அதில்தான் இருக்கிறது. அது கீழே இறங்காமல் இருக்க வேண்டுமென்றால், மாணவர்களை மாநிலம் எத்தனை பிரிவாகப் பிரிக்கிறதோ அத்தனை பிரிவிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது மாநிலப் பரீட்சை எழுதியாக வேண்டும். அந்த வருஷம் காய்ச்சல் வேறு பாதிப் பேரைப் படுக்கையில் போட்டிருந்தது. தவறவிட்டவர்கள் எழுதக் கடைசி நாள் அன்றுதான். பத்து மணிக்குப் பரீட்சை.

"ஒரு பொண்ணு வரலேன்னா குடி முழுகிப் போயிடுமா?" என்றேன்.

"ஒரு பொண்ணா? கணக்குப் போட்டுப் பாரு. கறுப்பினப் பிள்ளைங்கள்ல ஒண்ணு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைங்கள்ல ஒண்ணு. வீட்டுல இங்கிலீஷ் இல்லாம ஹைத்தி நாட்டுக் கிரியோல் பேசுறவங்கள்ல ஒண்ணு. காதுல மெஷின் வச்சிருக்கா, அதனால சிறப்பு உதவி வாங்குறவங்கள்ல ஒண்ணு. நகரத்துப் பிள்ளைங்கள்ல ஒண்ணு. எல்லாப் பிரிவும் விளிம்புல நிக்குது ஒடெஸா! அவ வரலேன்னா அஞ்சு பேர் வரலேன்னு அர்த்தம்!"

"அப்ப நான் போய் எழுதட்டுமா? அதுல ரெண்டு மூணு எனக்கும் பொருந்தும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கோ கோபம் பற்றிக்கொண்டு வந்தது. செப்டம்பரிலிருந்து வாரா வாரம் என் மேஜை முன்னால் வந்து நின்றவள் இதே மிர்லாண்ட்தான். உயர்கணித வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். வாரா வாரம் இடமில்லை, அது இது என்று ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்போது அவள் அரை ஆளாகக்கூட யார் கண்ணிலும் படவில்லை. இப்போது ஐந்து பேராம்!

வீட்டுக்கு போன் போட்டால் எடுப்பாரில்லை. பிரின்சிபால் ஒரு பெட்டி டோநட் வாங்கிக்கொண்டு, என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அவள் அம்மா கிஸ்லேன். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து அப்போதுதான் படுத்திருப்பாள் போல, கண்ணெல்லாம் சிவப்பு. பின்னால் மிர்லாண்ட் சோறும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூல் லீவுன்னியேடி!" என்று அம்மா மகளைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினாள். ஆனால் வாசலுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புவது அந்த வீட்டில் நடக்காது. திட்டிக்கொண்டே எங்கள் முன்னால் இரண்டு தட்டு வைத்தாள். பிரின்சிபால் பக்கத்திலிருந்த முட்டைக்கோஸ் ஊறுகாயைப் பொரியல் என்று நினைத்து ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அதில் போடுகிற மிளகாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட அவர் கேட்டார்: "ஏம்மா... ஏன் பரீட்சைக்கு வரல?"

"உங்க நல்லதுக்குத்தான் சார்," என்றாள் மிர்லாண்ட். "நான் சேர்ந்தா உயர்கணித வகுப்போட சராசரி அடிவாங்கும்னு நீங்கதான சொன்னீங்க? ஒரு வகுப்புக்கே அந்தக் கதின்னா, மொத்த ஸ்கூலுக்கும் எவ்ளோ அடி விழும்? அதான் பேசாம வீட்லயே இருந்துட்டேன்."

முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்திருந்தாள். கள்ளி! எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது.

கிஸ்லேன் மெதுவாகப் பிரின்சிபால் பக்கம் திரும்பினாள். "என் பொண்ணால உங்க சராசரி கெட்டுடும்னு சொன்னீங்களா?"

"அது... நான் சொன்னதோட அர்த்தம் என்னன்னா..."

"சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்," என்றார் அவர். தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார். கிஸ்லேன் எழுந்திருக்கவே இல்லை.

"சரிம்மா, சரி! உயர்கணிதத்துல சேத்துடறேன். இப்ப கிளம்பு, ப்ளீஸ்."

காரில் போகும்போது பதற்றத்தில் அந்த ஐந்து பேர் கணக்கை அவரே உளறிக்கொட்டிவிட்டார். மிர்லாண்ட் கவனமாகக் கேட்டாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து ஐந்து டோநட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒண்ணு தரட்டுமா மிஸஸ் புரூயிட்?" என்று என்னைக் கேட்டாள்.

"நீயே சாப்பிடுடி கண்ணு. உனக்குத்தான் அஞ்சு வயிறு இருக்கே."

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தோம். பரீட்சை அறையில் எல்லாரும் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். மிர்லாண்டும் உட்கார்ந்தாள். மணி அடித்தது. மற்றவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். இவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டாள்.

பிரின்சிபால் குனிந்து கிசுகிசுத்தார். "என்னம்மா, ஆரம்பி!"

"புது டைம்டேபிள் சார்."

"பரீட்சை முடிஞ்சதும் கையில தரேன். என் வாக்கு."

"இல்ல சார்." அவள் குரலில் இப்போது விளையாட்டே இல்லை. கொஞ்சம் நடுங்கியது. "இப்ப நான் அஞ்சு பேரு. பரீட்சை முடிஞ்சா ஒருத்திதான். ஒருத்தி வந்து கேட்டா நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்."

அவர் கழுத்துவரை சிவந்துபோனார். அது மிளகாயால் இல்லை. என் மேஜை முன்னால் வந்து நிற்கும்போதெல்லாம் இந்தப் பெண் எப்படிச் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாள் என்று நினைத்துப் பார்த்தேன்.

"ஒடெஸா," என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

நான் ஏற்கெனவே பாதி வழி போயிருந்தேன். கணினியில் மாற்றி, அச்செடுத்து, சூடு ஆறுமுன் கொண்டுவந்து கொடுத்தேன். மிர்லாண்ட் அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். ஆரம்பி என்ற பொத்தானை அழுத்தினாள்.

வராந்தாவில் பிரின்சிபால் சுவரில் சாய்ந்து நின்றார்.

"நான் நிஜமாவே மாத்திக் குடுத்திருப்பேன், ஒடெஸா."

"குடுத்திருப்பீங்க," என்றேன்.

நான் சொன்னதை அவரும் நம்பவில்லை.