இரண்டு அர்த்தம் உள்ள சொல்

லூர்தம்மாள் வீட்டில் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு நடை இருந்தது. அது ஈஸ்டருக்கு அடுத்த வாரம் நீள ஆரம்பித்தது.

ஒன்பது எட்டு வைத்தால் படுக்கையறை வந்துவிடும். இரண்டு வருஷமாகப் பக்கவாதத்தில் படுத்திருக்கும் சவரிராயனுக்கு வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுபோகிறவள் அவள். அவள் கணக்கு தப்பாது. அந்த வாரம் பதினான்கு எட்டு ஆனது.

"என்னங்க, நடை நீண்டுருச்சு" என்றாள்.

சவரிராயன் ரயில்வே பட்டறையில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். எதற்கும் பதறமாட்டார். "வெயில் காலத்துல தண்டவாளமே நீளுது. வீடு நீளாதா?" என்றார் கோணிய வாயால்.

முப்பது எட்டு ஆனபோது கஞ்சி ஆறிப்போய்ச் சேர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். அது லூர்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே குடியிருப்போர் குறைதீர்ப்பு அலுவலகத்துக்குப் போனாள்.

முன்னால் உட்கார்ந்திருந்த பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நடையின் பழைய நீளம், புதிய நீளம், கஞ்சியின் சூடு.

"எஸ்கலேட் பண்ணிட்டேன்மா. நீங்க போகலாம்."

"அப்படின்னா?"

"மேல அனுப்பியாச்சு."

லூர்தம்மாள் நிம்மதியாக வீடு திரும்பினாள். நடை இருநூறு எட்டு ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் மறுபடி போனாள். அந்தப் பெண் முகம் வாடிவிட்டது. "ஐயய்யோ. இருங்க, இதையும் எஸ்கலேட் பண்றேன்" என்றாள். இந்த முறை லூர்தம்மாள் கஞ்சியோடு கிளம்பிப் படுக்கையறை போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. போன இடத்தில் உட்காரக்கூட முடியவில்லை. திரும்பி வந்து அடுத்த வேளைக்கு உலை வைக்க வேண்டியிருந்தது.

"இங்கயே இரேன்" என்றார் சவரிராயன்.

"அடுப்பு அங்கல்ல இருக்கு" என்றாள்.

மூன்றாம் நாள் அவளை மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே தங்கசாமி என்ற அதிகாரி இருந்தார். நல்ல மனிதர். நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

"அம்மா, அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம். மேலதிகாரிகிட்ட கொண்டுபோறதுன்னு ஒண்ணு. இருக்கறதைவிட மோசமாகுறது, அதிகமாகுறதுன்னு ஒண்ணு. நாங்க மொத அர்த்தத்துலதான் சொல்றோம். உங்க வீடு ரெண்டாவது அர்த்தத்துல எடுத்துக்குது."

"அப்ப தமிழ்ல சொல்லுங்கய்யா."

"தமிழ்ல சொன்னா ஃபைல் நகராதும்மா."

"கொறைக்கறதுக்கு ஒரு சொல் இருக்கும்ல?"

தங்கசாமி அலமாரியைத் திறந்து வெகுநேரம் தேடினார். "இல்லம்மா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"எனக்கு நடையைச் சரிபண்ண வேணாம். புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். அவரு ஒத்தையில கெடக்காரு."

"வாபஸ் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. அதை நான் எஸ்கலேட்…"

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சொல் வெளியே வந்துவிட்டிருந்தது. அவர் கண் கலங்கியது. லூர்தம்மாள் அவரைத் திட்டவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டில் சமையலறை அப்படியே இருந்தது. நடையின் மறுகோடி தெரியவில்லை. "என்னங்க" என்று கத்தினாள். குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பதில் வரவில்லை.

தூக்குவாளியில் கஞ்சி ஊற்றினாள். அவருடைய மாத்திரை, ஒரு போர்வை, தன் மாற்றுச்சேலை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டு நூர்ஜகான் வாசலில் நின்றாள்.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?"

"உள்ளதான். அவரைப் பாக்க."

"நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்று நூர்ஜகான் வெளிக்கதவை இழுத்துச் சாத்தினாள்.

லூர்தம்மாள் நடந்தாள். கொஞ்ச தூரத்துக்கு அவர்கள் வீட்டுச் சுவர்தான் இருந்தது. கல்யாணப் போட்டோ வந்தது. மாதா படம் வந்தது. அப்புறம் வெறும் சுண்ணாம்புச் சுவர். இரண்டாம் நாள் அதுவும் காரை பெயர்ந்து போயிருந்தது. தூங்கினாள், எழுந்தாள், நடந்தாள். நாற்பத்திரண்டு வருஷத்தில் அவரை விட்டு இவ்வளவு தூரம் அவள் இருந்ததில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் நடையின் நடுவில் ஒரு மேசை கிடந்தது. பின்னால் வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"லூர்தம்மாளா? உங்க ஃபைல் எங்கிட்டதான் இருக்கு. எனக்கு மேல யாரும் இல்ல."

"அப்ப நீங்க சரிபண்ணிருங்கய்யா."

"என்னால வாங்கி வைக்கத்தான் முடியும்" என்றார். அவர் ஒரு நோட்டைத் திருப்பினார். "உங்க வீட்டுக்காரர் கூப்பிட்ட குரல் ஒண்ணு வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க."

அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் இழுப்பறையைத் திறந்தார். சவரிராயனின் குரல் தெளிவாக, காதருகே கேட்டது.

"லூர்து, கஞ்சி வேணாம். சும்மா வந்து பக்கத்துல உக்காரு."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது எப்பக் கூப்பிட்டது?"

"போன வியாழக்கிழமை."

"அதுக்கப்புறம் கூப்பிடலயா?"

பெரியவர் நோட்டின் மற்றப் பக்கங்களைப் புரட்டினார். எல்லாம் வெள்ளையாக இருந்தன. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"தூரம்ல, தாயி. வந்து சேர நேரமாகும்."

"ஆமா, நேரமாகும்" என்றாள் லூர்தம்மாள். சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். பெரியவரின் மேசையைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.